ஒத்து, தம்புரா, கேம்பாய்

ஸ்டாக்ஹோமில் நவம்பர் மாதம் மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். ஆபீஸில் ஆணி குறைவாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்து இருக்கை ஸ்வீடன்காரர் "ஒரு கச்சேரி இருக்கிறது, வருகிறாயா?" என்றார். என்ன வாத்தியம் என்று கேட்டேன். "கேம்பாய்" என்றார்.

தங்கமணியிடம் போனில் அனுமதி கேட்டபோது வந்த பதில்: "ஐம்பது வயசுல வீடியோ கேம் கச்சேரியா? வரும்போது பால் வாங்கிட்டு வாங்க."

ஒரு கட்டடத்தின் கீழ்த்தளம். அறுபது எழுபது பேர் இருக்கலாம். மேடையில் ஒரு மடக்கு மேஜை, அதன் மேல் ஒரு சின்ன மிக்ஸர், செங்கல் மாதிரி இரண்டு சாம்பல் நிறப் பெட்டிகள். வந்தவர் ஒரு பெட்டியின் சுவிட்சைத் தள்ளியதும் அந்த 'டிங்' சத்தம். கூட்டம் அதற்கே கை தட்டியது! அப்புறம் ஒன்றே கால் மணி நேரம் இரண்டு கட்டை விரல்களால் அந்த மனிதர் அறையையே ஆட வைத்தார்.

நடுவில் ஓரிடத்தில் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு ஒரே ஒரு கீழ் ஸ்வரத்தை மட்டும் ஓடவிட்டார். கொஞ்சம் கரகரவென்று, ஆனால் அசையாமல் நிற்கிற ஸ்வரம். எனக்கு ஸ்டாக்ஹோம் போய்விட்டது. பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் பெரியம்மா வீட்டு முன்னறையும், உறை போட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த தம்புராவும் வந்துவிட்டன. கொசுவத்தி சுற்றும் முன்னால் அந்தச் சாம்பல் பெட்டியின் வரலாற்றைப் பார்த்துவிடுவோம்.

விளையாட்டுச் சாமான் மேடை ஏறிய கதை

நிண்டெண்டோ கம்பெனியின் கேம்பாய் 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. கும்பெய் யோகோய் என்பவரின் குழு வடிவமைத்தது. நாலு பென்சில் செல் போட்டால் ஓடும். உள்ளே இருந்த சிப்புக்கு மொத்தம் நாலே குரல். இரண்டு குரல் துடிப்பு அலை, அதாவது மேலே, கீழே என்று இரண்டே நிலைகளில் தாவுகிற அலை. மூன்றாவது, 32 படிகளில் நாமே வரைந்து கொடுக்கக்கூடிய அலை. நாலாவது வெறும் இரைச்சல். வெடிச் சத்தத்துக்கும் தாளத்துக்கும் அதுதான்.

இதில் பாட்டு போடுவது அதுவரை கேம் எழுதுகிறவர்களின் வேலையாக இருந்தது. 1998-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கலைக் கல்லூரி மாணவராக இருந்த ஓலிவர் விட்சோவ், 'நானோலூப்' என்று ஒரு மென்பொருள் எழுதினார். கேம்பாயில் செருகுகிற கார்ட்ரிட்ஜுக்குள் விளையாட்டுக்குப் பதிலாக ஒரு இசைக்கருவி! அடுத்து 2000 வாக்கில் ஸ்வீடன்காரர் யோஹான் கோட்லின்ஸ்கி எழுதிய 'லிட்டில் சவுண்ட் டிஜே' வந்தது. நான் பார்த்த கச்சேரியும் அதில்தான். திரையில் மேலிருந்து கீழாகப் பதினாறு வரிகள், ஒவ்வொரு வரியிலும் ஒரு ஸ்வரம். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தை இரண்டிரண்டாகப் பிரித்தால் அதே பதினாறு. மிஸ்ர சாபு வேண்டுமா? பாதியிலேயே அடுத்த வரிசைக்குத் தாவச் சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது.

2003-இல் 'வயர்ட்' இதழில் மால்கம் மெக்லாரன் (செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் மேனேஜராக இருந்தவர்) இதைப் புதிய பங்க் என்று புகழ்ந்து எழுதினார். 2006-இல் நியூயார்க்கில் 'பிளிப் ஃபெஸ்டிவல்' என்று இதற்கென்றே ஒரு விழா தொடங்கி 2012 வரை நடந்தது.

கச்சேரி முடிந்து மேஜையைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம், லேப்டாப்பில் செய்தால் சுலபமில்லையா என்று கேட்டேன். "இதில் நாலு குரல்தான். எங்கே தப்பு செய்தாலும் கேட்டுவிடும்" என்றார். எங்கள் ஊர்ப் பாட்டு வாத்தியார்கள் சொல்கிற மாதிரியே இருந்தது.

ஒத்து ஊதியவர்கள்

இப்போது கொசுவத்தி.

என் அம்மாவின் வீடு கும்பகோணம் பக்கம் ஒரு நாகஸ்வரக் குடும்பம். தாத்தா நாகஸ்வரக்காரர் இல்லை, ஒத்துக்காரர். 'அவன் ஒத்து ஊதுறான்' என்று நாம் கேலியாகச் சொல்கிறோமே, அந்த ஒத்து. பார்க்க நாகஸ்வரம் மாதிரியே இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளைகள் கிடையாது. அடிப்பக்கம் இருக்கும் சில துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். வேலை ஒன்றே ஒன்று: ஆதார ஸட்ஜத்தை விடாமல் ஊதுவது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்து, சத்தம் அறுபடாமல் மணிக்கணக்காக ஊத வேண்டும். சாமி புறப்பாடு நாலு மணி நேரம் என்றால் ஒத்தும் நாலு மணி நேரம். இதைத்தான் மொழி 'ஆமாம் சாமி போடுவது' என்று ஆக்கி வைத்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் ஒத்தின் இடத்துக்குத் துருத்தி வைத்த சுருதிப் பெட்டி வந்தது. ஆர்மோனியத்தின் ஊமைத் தம்பி அது. கட்டை கிடையாது, உள்ளே சில ரீடுகள், ஒரு கையால் அசைத்தால் போதும். அண்ணனான ஆர்மோனியத்துக்குக் கமகம் வராது, சுருதியும் நம் சுருதி இல்லை என்று 1940-இல் அகில இந்திய வானொலி தடையே போட்டது. தம்பி மட்டும் சத்தமில்லாமல் கோஷ்டிக்குள் நுழைந்துவிட்டது. தாத்தாவின் கடைசிக் காலத்தில் அவர் கையில் இருந்ததும் அந்தத் துருத்திப் பெட்டிதான் என்று அம்மா சொல்வார். அப்புறம் அதை அசைக்க ஒரு சின்னப் பையன் போதும் என்றாகிவிட்டது.

தம்புராவுக்குள் ராமன்

தாத்தாவின் மூத்த மகள்தான் பெரியம்மா. கல்யாணமாகி அறுபதுகளில் பெங்களூர் வந்தவர். பெரியப்பாவுக்குப் பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை. பெரியம்மாவுக்கு ஓரளவு பாட்டு உண்டு, ஆனால் மேடையில் பாடியதில்லை. அவர் தம்புரா மீட்டப் போவார்.

தம்புராவில் நாலு தந்தி. மந்த்ர பஞ்சமம், ஸட்ஜம், ஸட்ஜம், மந்த்ர ஸட்ஜம். இந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக, பாட்டின் தாளத்தோடு சேராமல், கச்சேரி முழுக்க மீட்ட வேண்டும். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் ஒரு நூல் இருக்கும், ஜீவாளி என்பார்கள். அதை மயிரிழை நகர்த்தினால் 'ஙொய்ங்' என்று தந்தி திறந்துகொள்ளும்.

ஏன் திறந்துகொள்கிறது என்று சொன்னவர் சர் சி.வி. ராமன். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடம் அசையாப் புள்ளியாக இருக்கிற மேல் ஸ்வரங்கள் கேட்கக் கூடாது என்பது ஐரோப்பிய விஞ்ஞானிகள் வகுத்த விதி. 1921-இல் ராமன் எழுதிய கட்டுரையில், தம்புராவும் வீணையும் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்று காட்டினார். நம் குதிரை கத்தி மாதிரி கூர்மையாக இல்லை, அகலமாக வளைந்திருக்கிறது. தந்தி அதை உரசி உரசி அதிர்வதால், இருக்கக் கூடாத ஸ்வரங்களும் வந்து சேர்ந்துகொள்கின்றன. பிறகு 1933-இல் ராமன் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூருக்கே குடிவந்தார். ஆனால் தம்புராவைப் பெட்டிக்குள் அடைத்தவர் அவரில்லை.

பெங்களூர் செய்த பெட்டி

பெங்களூர் என்றால் இன்றைக்கு மென்பொருள். அதற்கு முன்னால் அது சால்டரிங் அயர்னின் ஊர். 1940-இல் எச்.ஏ.எல்., 1948-இல் ஐ.டி.ஐ., 1954-இல் பி.இ.எல். விமானம், தொலைபேசி, ரேடார் என்று செய்தவர்கள் சாயங்காலம் கச்சேரிக்குப் போனார்கள். 1905-இல் தொடங்கிய காயன சமாஜம் இருந்தது. சாமராஜப்பேட்டைக் கோட்டை ஹைஸ்கூல் மைதானத்தில் 1939 முதல் ராமநவமிக் கச்சேரிகள். சர்க்யூட் தெரிந்த கையும் சுருதி தெரிந்த காதும் ஒரே ஆளிடம் இருப்பது அந்த ஊரில் அதிசயமில்லை.

அப்படி ஒருவர் ஜி. ராஜ் நாராயண். எச்.ஏ.எல்.லில் பொறியாளர், புல்லாங்குழல் கலைஞர். 1979-இல் மின்னணுச் சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தார். அவர் தொடங்கிய ரேடல் நிறுவனம் பிறகு மின்னணுத் தம்புரா, மின்னணுத் தபலா, டிஜிட்டல் வீணை வரைக்கும் போனது. ஆரம்பத்தில் சிப்புகள் உருவாக்கிய ஒலி. பின்னாளில் நிஜத் தம்புராவின் ஒலியையே பதிவு செய்து சிப்பில் வைத்தார்கள்.

கேம்பாய்க்குப் பத்து வருஷம் முன்னாலேயே, நம் ஊர் மேடையில் ஒரு சின்னப் பெட்டி மின்சாரத்தால் இசை எழுப்பியது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதன் நன்மையைச் சொல்லாவிட்டால் பாவம். தம்புரா விலை அதிகம். நாலடிக்கு மேல் உயரம், குடம் இடித்தால் விரிசல் விடும். ரயிலில் ஏற்றினால் வயிறு கலங்கும். ஏ.சி. அரங்கில் சுருதி நகரும். பெட்டியோ பைக்குள் அடங்கும், ஒரு திருகில் ஒரு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்குப் போகும். தம்புரா வாங்க வழியில்லாத எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் சுருதி சொல்லிக் கொடுத்தது. என் மகள் இங்கே ஸ்டாக்ஹோமில் இருந்தபடி சென்னை டீச்சரிடம் இணையத்தில் பாட்டுக் கற்கிறாள். போனில் ஓடும் தம்புரா இல்லாவிட்டால் அது நடக்காது.

நான் வாங்கிக் கொடுத்த பெட்டி

1993-இல் இன்ஜினியரிங் படிக்கப் பெங்களூர் வந்து பெரியம்மா வீட்டில் தங்கினேன். கச்சேரி சீசனில் தம்புராவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கூடப் போவது என் வேலை. நோட்டீஸில் பாடகர் பெயர் இருக்கும். வயலின், மிருதங்கம், கடம் பெயர் இருக்கும். தம்புரா பெயர் இருந்து நான் பார்த்ததில்லை. முடிந்ததும் வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி, ஒரு கவர். கவரில் ஐம்பது ரூபாய், பெரிய கச்சேரி என்றால் நூறு.

"இதுக்காகவா பெரியம்மா மூணு மணி நேரம் உக்காரணும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"முன்னாடி உக்காந்தா பாட்டு கேக்கும் தம்பி. பின்னாடி உக்காந்தா பாட்டு எங்கேருந்து வருதுன்னு தெரியும்" என்றார். குருவுக்குப் பின்னால் சிஷ்யர்களைத் தம்புராவோடு உட்கார வைத்ததும் இதற்குத்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

1996-இல் எஸ்.பி. ரோட்டில் 555 ஐ.சி., நாலைந்து ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஒரு பழைய ஸ்பீக்கர் வாங்கி நானே ஒரு சுருதிப் பெட்டி செய்தேன். (எலக்ட்ரானிக்ஸ் படித்த எல்லோரும் 555-இல் எதையாவது செய்திருப்பீர்கள், மறுக்காதீர்கள்.) பெரியம்மா கேட்டுவிட்டு, "கொசு காதுக்குள்ள போன மாதிரி இருக்கு" என்றார். பத்து நிமிஷத்தில் சூடேறிச் சுருதி நகர்ந்தது வேறு. விழுந்து விழுந்து சிரித்தோம்.

1998-இல் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் கடைக்குப் போய் நல்லதாக ஒரு மின்னணுத் தம்புரா வாங்கி வந்து பெரியம்மா கையில் கொடுத்தேன். அவர் அதைச் சாமி படத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லா இருக்கு தம்பி. கை வலிக்காது."

அதற்கடுத்த வருஷம் ஒரு கச்சேரிக்குப் பெரியம்மாவும் நானும் போனோம். கீழே, ரசிகர்களோடு. மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி சிவப்பு விளக்கோடு இருந்தது. "நம்ம வீட்டுப் பெட்டி மாதிரியே இருக்குல்ல?" என்று பெரியம்மா காதோரம் கேட்டார். "ஆமா பெரியம்மா!" என்றேன், பெருமையோடு. அந்தக் கேள்வியில் வேறொன்றும் இருந்தது என்று புரிய எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அவரைத் தம்புராவுக்குக் கூப்பிட வீட்டுக்கு யாரும் வருவது நின்று போயிருந்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிட வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஸ்டாக்ஹோம் கீழ்த்தளத்தில் எனக்கு உறைத்தது இதுதான். இரண்டு ஊரிலும் பெட்டிதான் வந்தது. இங்கே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் மேடைக்கு வருகிறார். அங்கே ஒரு பெட்டியை வைத்துவிட்டு ஒரு மனுஷியை மேடையிலிருந்து இறக்கிவிட்டோம். பெட்டியின் மேல் எனக்குக் கோபமில்லை. அதன் பின்னால் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டாமா என்று யாரும் யோசிக்கவில்லையே, நானும் சேர்த்து.

999

எனக்குத் தொழில் மைக்ரோ கன்ட்ரோலருக்கு மென்பொருள் எழுதுவது. கை சும்மா இருக்குமா? ஒரு பழைய கேம்பாயும், நம் நிரலை ஏற்றக்கூடிய ஒரு கார்ட்ரிட்ஜும் வாங்கினேன்.

கேம்பாய் சிப்பின் கணக்கு எளிது. துடிப்பு அலைக் குரலுக்கு 131072 என்ற எண்ணை, 1 முதல் 2048 வரை நாம் கொடுக்கிற ஓர் எண்ணால் வகுக்கும். விடைதான் ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது. மேல் ஸ்தாயியில் இது உதைக்கும். 63 கொடுத்தால் 2080, 62 கொடுத்தால் 2114, நடுவில் ஒன்றுமே கிடையாது. அந்த இடைவெளி அரை ஸ்வரத்தில் கால் பங்குக்கும் மேல். பாடுகிறவர் காதைப் பொத்திக்கொள்வார்.

ஆனால் கீழே? 999 கொடுத்தால் 131.2. இது ஒரு கட்டை ஸட்ஜத்தை ஒட்டி வருகிறது. 1332 கொடுத்தால் 98.4. அது மந்த்ர பஞ்சமம். 999-க்கும் 1332-க்கும் விகிதம் சரியாக மூன்றுக்கு நாலு. பியானோவில்கூட இவ்வளவு சுத்தமான பஞ்சமம் கிடையாது, அங்கே ஒரு துளி குறைத்துத்தான் வைப்பார்கள். மூன்றாவது குரல், அதே எண்ணுக்கு ஒரு ஸ்தாயி கீழே பேசும். அதற்கும் 999 கொடுத்தால் மந்த்ர ஸட்ஜம், 65.6. தம்புராவின் நாலு தந்தியும் வந்துவிட்டது! நாலாவது இரைச்சல் குரல் மட்டும் சும்மா இருந்தது. அதை ஒத்து ஊதிய தாத்தாவின் மூச்சு என்று வைத்துக்கொண்டேன். :-)

ஜீவாளிக்கும் ஒரு வழி இருந்தது. துடிப்பு அலை பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே இருந்தால் இரட்டைப்படை மேல் ஸ்வரங்கள் வராது, சப்பென்று இருக்கும். எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டும் மேலே இருக்கும்படி வைத்தால் எட்டாவது, பதினாறாவது போன்றவை தவிர எல்லாம் வரும். ஒவ்வொரு மீட்டலிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் லேசாக அந்த 'ஙொய்ங்'. கேம்பாயின் சொந்த ஸ்பீக்கரில் கீழ் ஸட்ஜம் கேட்காது. ஹெட்போன் துளையிலிருந்து வெளி ஸ்பீக்கருக்கு இழுத்தேன்.

பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பெங்களூரில்தான் இருக்கிறார். வீடியோவில் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"சுருதி சுத்தமா இருக்கு. யாரு மீட்டுறது?"

"யாரும் இல்ல பெரியம்மா. அதுவே மீட்டும்."

"ஓ... அப்ப அந்தப் பெட்டிதான்."

போனை வைத்த பிறகு நிரலைத் திருத்தினேன். தானாக ஓடுவதை எடுத்துவிட்டேன். பட்டனை ஒருமுறை அழுத்தினால் ஒரு தந்தி, மறுபடி அழுத்தினால் அடுத்த தந்தி. அழுத்தாவிட்டால் சத்தம் தேய்ந்து நின்றுவிடும். கணினிக்காரன் பார்வையில் இது பின்னோக்கிப் போவது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைப் பாட உட்கார வைத்து, அவளுக்குப் பின்னால் நான் கேம்பாயோடு உட்கார்ந்தேன். அவள் சுருதி ஒரு கட்டை இல்லை, ஆகவே எண்களை மாற்ற வேண்டியிருந்தது. பத்து நிமிஷத்தில் கட்டை விரல் வலித்தது. இருபது நிமிஷத்தில் அவள் மூச்சு எடுக்கிற இடங்கள் எனக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தன. மூன்று வருஷமாக அவள் பாட்டை அடுத்த அறையிலிருந்து கேட்கிறேன், இது எனக்குத் தெரியாது.

போன் திரையில் பெரியம்மா முழுக்கக் கேட்டார். மகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார்:

"ரெண்டாவது ஸட்ஜத்துல அவசரப்படுறே தம்பி. முதல் சத்தம் அடங்கட்டும். அடுத்த வாரம் மறுபடி போடு, கேக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் பெங்களூர் நேரம் மாலை ஆறு மணிக்கு எனக்கு இப்போது தம்புரா கிளாஸ்.

டிஸ்கி: பால் வாங்க மறந்துவிட்டேன். அதற்குத் தனிக் கச்சேரி நடந்தது.